கண்ட ஊரே சிறந்தது!

(பட்டிமன்றத் தலைப்பு: ‘வீட்டில் சின்ன ரயில் பாதை அமைக்கச் சிறந்தது கண்ட ஊரா? கற்பனை ஊரா?’ இராமநாதபுரத்தில் நடந்த பட்டிமன்றத்தில் ‘கண்ட ஊரே’ அணித் தலைவர் ஆற்றிய உரை.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் இருந்து என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர்களே! என் அணியில் இருந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர்களே! (சிரிப்பு) சேதுபதிச் சீமையின் பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கும் அன்பு நெஞ்சங்களே! 

தலைப்பைக் கேட்டதும் ஒருத்தர் என்னிடம், “ஏங்க, நாட்டில எவ்வளவோ பிரச்சினை இருக்கு. பொம்மை ரயிலுக்கு ஒரு பட்டிமன்றமா?”ன்னு கேட்டார். நான் சொன்னேன்: “அய்யா, பெரிய ரயிலை ரயில்வே இலாகா பாத்துக்கும். சின்ன ரயிலை நாமதானே பாத்துக்கணும்!” (சிரிப்பு)

இது நம்ம வீட்டு விஷயம் அய்யா. இராமநாதபுரம் நவராத்திரிக்குப் பேர் போன ஊர். சேதுபதி மன்னர்கள் அரண்மனையில் கொண்டாடிய நவராத்திரியைத் தமிழ்நாடே பேசியது. அந்த நவராத்திரியில் நம்ம வீட்டில என்ன பண்றோம்? படிக்கட்டுல கொலு. கீழே தரையில பூங்கா. மணலைப் பரப்பி, கேழ்வரகை முளைக்கப் போட்டு அதை வயல்னு சொல்றோம். கண்ணாடியை வைத்து அதைக் குளம்னு சொல்றோம். சுற்றிலும் தண்டவாளம் போட்டு ஒரு ரயிலை விடுறோம். கொலு வைக்காத வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடக் கண்காட்சிக்குத் தெர்மோகோலை அறுத்து அதையே செய்கிறார்கள். வெளிநாட்டில் இதற்கென்று சங்கமே வைத்திருக்கிறார்கள். அறுபது வயசுக்காரர் அதில் செயலாளர்! (சிரிப்பு)

இப்படி ஒரு ரயில் பாதையை அமைக்கும்போது, அதில் நாம் கண்ட ஊரை வைப்பதா, மனசில் தோன்றிய ஊரை வைப்பதா? இதுதான் கேள்வி. எதிரணித் தலைவி அம்மையார் அழகாகப் பேசினார்கள். “கற்பனைதான் சுதந்திரம். கண்ட ஊரைச் செய்தால் காப்பி அடிப்பது”ன்னு சொன்னார்கள். தம்பி வந்தார். “கண்ட ஊர் கண்ட ஊர்னு சொல்றாங்களே, கண்ட கண்ட ஊரையெல்லாம் கொண்டுவந்து வீட்டுக்குள்ள வைக்கலாமா?”ன்னு கேட்டார். (சிரிப்பு) தம்பி, கண்ட கண்ட ஊரை நான் சொல்லலை. நான் சொல்றது ஒரே ஊர்ப்பக்கம். இந்த மேடையில் இருந்து கிழக்கே போனால் உச்சிப்புளி, மண்டபம், பாம்பன். அந்தப் பக்கத்தைத்தான் சொல்றேன்.

எதிரணி சொன்ன வாதம் மூன்று. ஒன்று, உள்ள ஊரை அப்படியே செய்ய வீட்டில இடம் கிடையாது. இரண்டு, கற்பனைக்குத்தான் சுதந்திரம் உண்டு. மூன்று, உலகத்தில் பேர் வாங்கியதெல்லாம் கற்பனை ஊர்தான். இந்த மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, அவர்கள் தொடாத ஒன்றை நான் தொடப்போகிறேன்.

முதலில் இடம். அம்மையார் கணக்குப் போட்டுக்கொண்டே வந்திருந்தார்கள். இந்தச் சின்ன ரயிலுக்கு உலகம் முழுக்கப் பழக்கத்தில் உள்ள அளவு, 87-இல் ஒரு பங்கு. ஆறடி மனுஷன் அதில் இரண்டு சென்டிமீட்டர் உயரம். பாம்பன் பாலம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதை 87-ஆல் வகுத்தால் 23 மீட்டருக்கு மேல் வருது. அடிக்கணக்கில் ஏறக்குறைய 78 அடி! “இந்தப் பாலத்தை வைக்க வீட்டில எங்கே இடம்? அடுத்த வீட்டுச் சுவரை இடிக்கிறதா?”ன்னு கேட்டார்கள். நல்ல கேள்வி.

அம்மா, 78 அடியும் யார் கேட்டது? பாலத்தில் சின்னக் கண்கள் 145. ஒவ்வொன்றும் 40 அடி. 87-இல் ஒரு பங்கில் ஒரு கண் 14 சென்டிமீட்டர்தான். நடுவில் கப்பலுக்கு வழிவிடும் தூக்குப்பாலம் முக்கால் மீட்டர் அளவில் அடங்கும். தூக்குப்பாலத்துக்கு இந்தப் பக்கம் ஐந்து கண், அந்தப் பக்கம் ஐந்து கண் வையுங்க. ஏழடியில் முடிஞ்சுபோச்சு. ஒரு கட்டில் நீளம், மேலே ஒரு தலையணை! (சிரிப்பு) பார்க்கிறவன் எண்ணிப் பார்த்து “145 இல்லையே”ன்னு சொல்ல மாட்டான். “அட, பாம்பன்!”னுதான் சொல்வான்.

ஆனால் இங்கேதான் ஒரு நுணுக்கம் இருக்கு. எதை விடலாம், எதை விடக்கூடாதுன்னு தெரியணுமே! 135 கண்ணை விட்டாலும் அது பாம்பன்தான். அந்தத் தூக்குப்பாலம் ஒன்றை விட்டால் அது பாம்பன் இல்லை. சுருக்கிச் சொல்வது பொய் இல்லை அய்யா. திருமணப் பத்திரிகையில் சொந்தக்காரங்க எல்லார் பேரையுமா போடுறோம்? யாரை விடக்கூடாதோ அவங்களைப் போடுறோம். அதில் தப்பு பண்ணினால் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்! (பலத்த சிரிப்பு)

தம்பி இன்னொரு குண்டு போட்டார். “கடையில் விற்கிற தண்டவாளத்தின் அகலம் பதினாறரை மில்லிமீட்டர். அது வெள்ளைக்காரன் ஊர்ப் பாதைக்கான கணக்கு. நம்ம பிராட் கேஜ் ஐந்தரை அடி. அதை 87-ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரணும். ஆக, நீங்க போடுற தண்டவாளமே பொய்!” சபாஷ். ஆனால் தம்பி ஒன்றை மறந்துட்டார். பாம்பன் பாலத்தில் பிராட் கேஜ் ரயில் ஓடத் தொடங்கியது 2007-இல். 1914 முதல் அது மீட்டர் கேஜ். ஒரு மீட்டரை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர். வெளிநாட்டில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் விற்கிறார்கள். அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம்! ஆகப் பழைய பாம்பனைச் செய்யுங்க, தண்டவாளம்கூட உண்மையாயிடும். (கைதட்டல்)

அடுத்தது சுதந்திரம். கற்பனையில் சுதந்திரம் உண்டுதான். நம்ம கொலுப் பூங்காவையே பாருங்களேன். ஒரு பக்கம் கைலாய மலை, பக்கத்தில் கிரிக்கெட் மைதானம். செட்டியார் பொம்மை தராசோடு உட்கார்ந்திருக்கார். அவர் வயிற்றை ஒட்டி ரயில் வளைஞ்சு போகுது. ரயிலைவிடச் செட்டியார் மூன்று மடங்கு உயரம்! அவர் ஒரு ஏப்பம் விட்டால் ரயில் கவிழ்ந்துடும். (சிரிப்பு) அதில் அழகு இல்லையா? இருக்கு. பத்து நாளைக்குப் பார்க்கப் பரம சந்தோஷம். ஆனால் அந்தப் பூங்கா உங்களை ஒரு கேள்வி கேட்குமா? கேட்காது. “ஏன் இங்கே மலை?” “எனக்குத் தோணுச்சு.” “ஏன் இங்கே பாலம்?” “எனக்குத் தோணுச்சு.” கதை முடிஞ்சுது.

உள்ள ஊரைச் செய்து பாருங்க. அது கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லி முடியாது. பிள்ளை பாலத்தை ஒட்டிக்கொண்டே கேட்கும்: “அப்பா, பாலத்தை ஏன் பிரிக்கிறாங்க?” கப்பல் போகணும். “எப்படிப் பிரியும்?” பழைய பாலத்தில் இரண்டு இறக்கை, இரண்டு பக்கமும் மேலே எழும்பும். ஷெர்சர் என்கிற அமெரிக்கப் பொறியாளர் கண்ட முறை. ஒவ்வொரு இறக்கையும் நானூறு டன்னுக்கு மேல். அதை மின்சாரம் இல்லாமல் ஆட்கள் நின்று, நெம்புகோலைத் தள்ளித் தள்ளியே திறந்தார்கள். “ஆட்கள் தள்ளினா நானூறு டன் எழும்புமா?” எழும்பும். இறக்கையின் பின்பக்கம் எதிர் எடை வைத்திருக்கிறான், ஏற்றம் இறைக்கிற மாதிரி. “பாலத்துக்குப் பக்கத்தில் ஏன் காற்றை அளக்கிற கருவி?” காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை விடமாட்டாங்க. இப்படிப் பிள்ளை ஒரு பாலத்தைக் கட்டி முடிக்கிறதுக்குள்ள பௌதிகம், பூகோளம், சரித்திரம் மூணும் படிச்சு முடிச்சுடுது. டியூஷன் பணம் மிச்சம்! (சிரிப்பு)

அதோடு எந்த வருஷத்துப் பாம்பன்னு முதலிலேயே முடிவு பண்ணணும். பக்கத்தில் சாலைப் பாலம் வைத்தீர்களா? அது 1988 அக்டோபர் 2-இல் திறந்தது. அதற்கு முந்தின பாம்பனில் அது வரக்கூடாது. ஒரே துண்டாக நேர் மேலே ஏறுகிற புதுத் தூக்குப்பாலம் வேணுமா? அது 2025 ஏப்ரல் 6-இல் திறந்தது. 72 மீட்டர் நீளத் துண்டு அப்படியே 17 மீட்டர் உயரத்துக்கு ஏறும். அது வேற பாலம், வேற காலம். வருஷத்தைத் தப்பாக வைத்தால், பார்க்கிற இராமேஸ்வரத்துக்காரர் விடுவாரா? “என்னப்பு, எங்க ஊருல இல்லாததை எல்லாம் வச்சிருக்க?”ன்னு சட்டையைப் பிடிப்பார். அந்தக் கட்டுப்பாடு ஒரு சுகம் அய்யா. யாப்புக்குள் நின்று வெண்பா எழுதுகிறவனுக்குத்தான் அந்தச் சுகம் தெரியும்.

மூன்றாவது, பேர் வாங்கிய கற்பனை ஊர்கள். அம்மையார் ஆர்.கே. நாராயணனின் மால்குடியைச் சொன்னார்கள். 1935-இல் பிறந்த ஊர். எந்தப் படத்திலும் இல்லாத ரயில் நிலையம். தம்பி, ஆட்ரி பாதிரியாரின் சோடார் தீவைச் சொன்னார். 1945-இல் தொடங்கிய ரயில் கதைகள், தாமஸ் என்கிற நீல இன்ஜின் பேசுகிற கதைகள். பேரப்பிள்ளை உள்ளவங்களுக்கு அது யார்னு சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் 2001-இல் திறந்த மாபெரும் சின்ன ரயில் உலகத்தையும் சொன்னார். அதில் உண்மை ஊர்களும் இருக்கு, இல்லாத ஒரு ஊரும் இருக்கு. அந்த இல்லாத ஊரில் சின்ன விமானம் ஓடுபாதையில் ஓடி மேலே ஏறுவதைப் பார்க்கத்தான் கூட்டம் அலைமோதுதுன்னு சொன்னார். எல்லாம் சரி.

ஆனால் மால்குடி ஏன் நின்றது? சரயு நதி, கபீர் தெரு, ரயில் நிலையம் என்று தன் ஊருக்கு அடையாளம் வைத்துக்கொண்டு, நாராயணன் கதைக்குக் கதை அந்த ஊருக்கே திரும்பி வந்தார். சோடார் ஏன் நின்றது? சின்னப் பிள்ளைகள் கடிதம் போட்டார்களாம்: “இந்த ஸ்டேஷன் எங்கே இருக்கு? அந்தப் படத்துக்கும் இந்தப் படத்துக்கும் ஒத்து வரலையே?” அதற்காகவே பாதிரியார் ஒரு தீவை உண்டாக்கி, அதற்கு வரைபடம் போட்டு, தம்பியோடு சேர்ந்து அந்தத் தீவுக்குச் சரித்திரமே எழுதி 1987-இல் புத்தகமாகப் போட்டார். ஆகக் கற்பனை ஊர்கூட எப்போது நிற்குது? கண்ட ஊர் மாதிரி நடந்துகொள்ளும்போது! எதிரணி எனக்குச் சாட்சி தேடிக் கொண்டுவந்திருக்காங்க. (பலத்த கைதட்டல்)

தமிழ்ப் பேராசிரியனைக் கூப்பிட்டுவிட்டுத் தொல்காப்பியம் இல்லாமல் அனுப்புவீங்களா? நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்று இரண்டு சொல்வார் தொல்காப்பியர். நாடக வழக்கு புனைந்து சொல்வது. உலகியல் வழக்கு உள்ளதைச் சொல்வது. இரண்டும் சேர்ந்ததுதான் பாட்டுக்குரிய நெறி என்பது அவர் கட்சி. “அதில் நாடக வழக்கைத்தான் முதலில் சொன்னார். ஆகவே கற்பனைதான் உசத்தி”ன்னு அம்மையார் வாதாடினார்கள். அம்மா, விருந்தில் இலையில் முதலில் வைப்பது உப்பு. அதுக்காக உப்பைச் சாப்பிட்டுவிட்டா எழுந்து போறோம்? (பலத்த சிரிப்பு) உப்பு வேணும். அளவோடு வேணும். சோறு எது என்பதுதான் கேள்வி.

நடுவர் அவர்களே, இதுவரை சிரித்தோம். இனி எதிரணி தொடாத இடத்துக்கு வருகிறேன்.

1914-இல் பாலம் திறந்தபோது பெரிய பாதை எங்கே போனது தெரியுமா? இராமேஸ்வரத்துக்கு இல்லை. பாம்பன் அன்றைக்கு ஜங்ஷன். கிளைப்பாதைதான் இராமேஸ்வரத்துக்குப் போனது. பெரிய பாதை தனுஷ்கோடிக்குப் போனது. சென்னை எழும்பூரில் கொழும்புக்கு டிக்கெட் வாங்கிய காலம் அது. போட் மெயிலில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பல் ஏறினால் தலைமன்னார். அங்கே மறுபடி ரயில். தனுஷ்கோடியில் ஸ்டேஷன் இருந்தது. தபாலாபீஸ் இருந்தது. பள்ளிக்கூடம் இருந்தது. மாதா கோவில் இருந்தது. சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து பார்ப்பார்.

1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனில் இருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடிக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்திருந்தது. புயல், இருட்டு. கடல் எழுந்து வந்தது. நூறு பேருக்கு மேல் அந்த ரயிலோடு போனார்கள். ஊரும் போனது. பாம்பன் பாலத்தில் நூற்றிருபதுக்கு மேற்பட்ட கர்டர்கள் கடலில் விழுந்தன. தூக்குப்பாலம் நின்றது. கடலில் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்து, ஸ்ரீதரன் என்கிற இளம் பொறியாளர் தலைமையில் 46 நாளில் பாலத்தை நிமிர்த்தினார்கள். பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டினாரே, அதே ஸ்ரீதரன். பாலம் எழுந்தது. தனுஷ்கோடிப் பாதை எழவில்லை. 2019-இல் புதுப்பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். இன்னும் ரயில் வரவில்லை. இன்றைக்குச் சாலை வழியாக அரிச்சல்முனை வரை கார் போகுது. மக்கள் இடிந்த மாதா கோவில் முன்னாடி நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, சங்குமாலை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். அந்த இடத்தில் ஒரு ஜனசமுத்திரம் ரயிலுக்குக் காத்திருந்தது என்று அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

இங்கிலாந்தில் பெண்டன் என்று ஒரு காட்சியகம். ராய் இங்க்லண்ட் என்று ஓர் ஆஸ்திரேலியர். 1925-இல் அந்த நாட்டுக்கு வந்தார். ஒரு பள்ளத்தாக்கைப் பார்த்தார். பழைய கூரை வீடுகள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே போவதையும் பார்த்தார். “இதைத் தடுக்க என்னால் முடியாது. ஆனால் இருந்தபடி செய்து வைக்க முடியும்” என்று உட்கார்ந்தார். அந்த வீடுகளை அளந்து, சின்னதாகச் செய்து, ரயிலோடு சேர்த்து அந்தப் பள்ளத்தாக்கையே வைத்துவிட்டார்கள். அவர் தொடங்கியதை இன்றைக்கும் மற்றவர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். எதிரணிக்கு ஓர் ஆறுதல் சொல்றேன். ஜான் ஆஹெர்ன் என்பவர் முழுக்க முழுக்கக் கற்பனையாகச் செய்த ஒரு ரயில் பாதையையும் அதே காட்சியகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கற்பனைக்கு இடம் உண்டு. நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டது எது? மறைந்துபோகும் ஊரின் மேல் ஒருவனுக்கு இருந்த பாசம்!

அதைத்தான் சொல்றேன். மால்குடி தொலையாது. அது புத்தகத்தில் இருக்கு. சோடார் தொலையாது. தனுஷ்கோடி தொலைந்துவிட்டது அய்யா. 1964-இல் பத்து வயசாக இருந்த பிள்ளைக்கு இன்றைக்கு எழுபது வயசுக்கு மேல். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோச்சு. இன்றைக்குப் பிறக்கிற குழந்தை அந்த இரண்டு இறக்கை எழுவதைப் படத்தில்தான் பார்க்கும். இவங்க இருக்கும்போதே கேட்டுக்கொள்ளாவிட்டால் பிறகு யாரிடம் கேட்பது?

ஆகவே செய்யுங்க. அப்புறம் என்ன நடக்கும்னு பாருங்க. மூலையில் உட்கார்ந்திருக்கிற தாத்தா எழுந்து வருவார். வீட்டில அவரை யாரும் ஒரு வருஷமா ஒரு வார்த்தை கேட்டதில்லை. “ஏலேய், ஸ்டேஷனை அங்க வைக்காதடா. மணல் இந்தப் பக்கம், கடல் ரெண்டு பக்கமும்”ன்னு சொல்வார். அப்பத்தா வருவாங்க. “கப்பல்ல இருந்து இறங்குற ஆளு கையில ஒரு தகரப் பெட்டி குடுடா, என் அண்ணன் அப்படித்தான் வந்துச்சு”ன்னு சொல்வாங்க. கற்பனை ஊரில் பிள்ளைதான் ராஜா. தாத்தாவுக்கு அங்கே வேலை கிடையாது. கண்ட ஊரில்தான் தாத்தா வாத்தியார், பேரன் மாணவன், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ரயில்! (நீண்ட கைதட்டல்)

ஒன்றை மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த டிசம்பர் 22 இரவைச் செய்யாதீங்க. அலையைச் செய்யாதீங்க. கவிழ்ந்த பெட்டியைச் செய்யாதீங்க. அது காட்சிப் பொருள் இல்லை. அந்த ரயிலில் போனவர்களின் குடும்பம் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். அதற்கு முந்தின ஏதோ ஒரு சாயங்காலத்தைச் செய்யுங்க. பிளாட்பாரத்தில் ரயில் நிற்கட்டும். கப்பல் காத்திருக்கட்டும். கூடையில் கருவாடு, சாக்கில் நம்ம முண்டு மிளகாய். அந்தச் சின்ன மனுஷன் ஒவ்வொருத்தன் முகத்திலும் என்ன இருந்தது, யார் யாரை வழியனுப்ப வந்தது? அது நமக்குத் தெரியாது. அங்கே வைத்துக்கொள்ளுங்க உங்க கற்பனையை! ஊர் உள்ளபடி இருக்கட்டும். அந்த ஊருக்குள் உயிர் உங்கள் கற்பனையாக இருக்கட்டும். உலகியல் சோறு, நாடகம் உப்பு. தொல்காப்பியரும் இலையைத் தள்ளிவிட்டுப் போகமாட்டார்.

நடுவர் அவர்களே! இல்லாத ஊரைப் படைக்க ஆசை இருந்தால் போதும். இருந்து மறைந்த ஊரைத் திரும்ப நிறுத்த ஆசையோடு நன்றியும் வேணும். பிள்ளைகளுக்கு ஆசையைக் கற்றுக்கொடுக்க நம்ம நாட்டில் ஆயிரம் கடை இருக்கு. நன்றியைக் கற்றுக்கொடுக்க வீடு மட்டும்தான் இருக்கு. அந்த வீட்டுக் கூடத்தில் ஏழடி இடத்தைப் பாம்பனுக்கும் தனுஷ்கோடிக்கும் ஒதுக்கிக் கொடுங்கன்னு கேட்டு, கண்ட ஊரே சிறந்தது என்று நல்ல தீர்ப்பு வழங்கும்படி வேண்டி அமைகிறேன்.

(பலத்த கைதட்டல்)